ஜுகாட் என்ற சொல்லை அந்தப் பட்டறை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள்

சென்ற வாரக் கருத்தரங்கில் என் கட்டுரைக்குப் பின் நிகழ்ந்த வாக்குவாதத்தைப் பற்றி நண்பர்கள் பலர் உட்பெட்டியில் கேட்டிருந்தீர்கள். அங்கே மறுமொழிக்கு எனக்குக் கிடைத்தது இரண்டு நிமிடம். இங்கே அந்தக் கட்டுப்பாடு இல்லை. பதிவு நீளமானது, பொறுத்தருள்க.

தில்லியில் கையால் செய்யப்படும் பச்சை குத்தும் இயந்திரங்களையும், அவற்றைச் செய்பவர்கள் பட்டறைக்குள் வழங்கும் தொழிற்சொற்களையும் பற்றியது என் கட்டுரை. முனைவர் பட்ட ஆய்வில் ஓர் இயல். வாசித்து முடித்ததும் அமர்வுத் தலைவர் மனமுவந்து, "அருமையான ஜுகாட் ஆய்வு" என்று பாராட்டினார். அவை தலையசைத்தது. இது ஜுகாட் இல்லை என்று நான் மறுத்தேன். பாராட்டாகத்தானே சொன்னோம், இதில் சினங்கொள்ள என்ன இருக்கிறது என்று மூவர் அடுத்தடுத்துக் கேட்டனர். அவர்களுக்கான விடையே இப்பதிவு.

முதலில் ஒரு வாக்குமூலம். இரண்டாண்டுகளுக்கு முன் நான் எழுதிய ஆய்வுச் சுருக்கத்தில் அதே சொல் நான்கு முறை வருகிறது. அதை அந்த இயந்திரங்களைச் செய்பவரிடமே இந்தியில் பெயர்த்துப் படித்துக் காட்டினேன். அவர் தம் பெயர் வெளிவர விரும்பவில்லை. பட்டறையில் எல்லோரும் அழைப்பதுபோல் உஸ்தாத் என்றே இங்கும் குறிப்பிடுகிறேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கையிலிருந்த இயந்திரத்தை ஓடவிட்டு என் முன்கைக்கு மேலே பிடித்து, "ஜுகாட் என்கிறீர்களே மேடம், இதை உங்கள் தோலுக்குள் விடுவீர்களா?" என்றார். நான் கையை இழுத்துக்கொண்டேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் எனக்கு உறைத்தது.

இயந்திரத்துக்கு வருவோம். இதைப் பற்றிக் கோட்பாடு பேசுவோரில் பெரும்பாலோர் அதன் உள்ளே பார்த்ததில்லை. நானும் முதல் ஆறு மாதம் பார்க்காமலேதான் எழுதிக்கொண்டிருந்தேன். சுழல் வகை இயந்திரத்தின் அடிப்படை எளிது. ஒரு சிறிய டிசி மோட்டார். அதன் அச்சில் ஒரு வட்டத் துண்டு, தொழிலில் காம் என்பார்கள். அவ்வட்டத்தின் மையத்திலிருந்து சற்றே விலகிய இடத்தில் ஒரு முளை. முளையின்மேல் ஒரு குட்டி பேரிங். மோட்டார் சுழலச் சுழல, விலகி நிற்கும் முளை ஊசியை மேலும் கீழும் ஓட்டுகிறது. விலகல் 1.75 மி.மீ. என்றால் ஊசியின் ஓட்டம் 3.5 மி.மீ. கோடு இழுப்பவர்கள் பொதுவாக நீண்ட ஓட்டத்தையும், மென்மையாக நிழல் ஏற்றுபவர்கள் குறுகிய ஓட்டத்தையும் விரும்புகிறார்கள். விலகலில் 0.1 மி.மீ. பிழைத்தால் ஓட்டத்தில் 0.2 மி.மீ. பிழைக்கும்.

இது அற்பப் பிழை என்று தோன்றலாம். ஆனால் மை தங்க வேண்டிய உட்தோல், மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 1 முதல் 2 மி.மீ. ஆழத்திலேயே இருக்கிறது. மேலேயே நின்றுவிட்டால் மேல்தோல் உதிரும்போது மையும் உதிர்ந்துபோகும். கீழே இறங்கிவிட்டால் கோடு கசிந்து நீலப்புகைபோல் படரும். அதை எளிதில் திருத்த முடியாது. ஆழத்தை முடிவு செய்வது இயந்திரமன்று, குத்துபவரின் கையே. ஆனால் நொடிக்கு நூறு முறையளவில் போய்வரும் ஊசி, ஒவ்வொரு முறையும் ஒரே தூரம் போய்வரும் என்று அந்தக் கை நம்பியாக வேண்டும்.

இன்னும் இருக்கிறது. முளை ஒரு பக்கமாகக் கனப்பதால் காம் சுழலும்போது இயந்திரம் உதறும். எதிர்ப்பக்கத்தில் உலோகத்தை அளந்து விட்டோ, முளையின் பக்கத்தில் அளந்து குடைந்தோ அந்த உதறலைத் தணிக்க வேண்டும். ஒரே அமர்வில் ஐந்தாறு மணி நேரம் அதைப் பிடித்திருப்பவருடைய மணிக்கட்டின் கதி இந்த எதிரெடையில் இருக்கிறது. உஸ்தாத் பித்தளையில் கடைந்த காமைப் பொருத்தி, இயந்திரத்தை ஓடவிட்டு, காதுக்குப் பின்னுள்ள எலும்பில் ஒட்டவைத்துக் கேட்பார். முகம் சுளித்தால் கழற்றிவிடுவார். ஒரு முறை ஒரே காமை ஏழு தடவை கழற்றி மாட்டினார், நான் எண்ணினேன். எட்டாவது தடவை அதைப் பழைய இரும்புப் பெட்டியில் எறிந்துவிட்டுப் புதிதாகக் கடையத் தொடங்கினார்.

கருத்தரங்கில் எல்லோரும் பற்றிக்கொண்டது ஒரே ஒரு செய்தியை: தொடக்கக் காலத்தில் அவர் பழைய டேப்ரெக்கார்டர் மோட்டார்களைப் பயன்படுத்தினார் என்பதை. எவ்வளவு இனிய படிமம்! பாட்டுப் பெட்டியின் இதயம் பச்சை குத்துகிறது. ஆனால் அவர் அந்த மோட்டாரை ஏன் கைவிட்டார் என்று ஒருவரும் கேட்கவில்லை. காந்த நாடாவை இழுக்கச் செய்யப்பட்ட மோட்டாருக்கு ஊசி தோலில் இறங்கும்போது எதிர்ப்படும் சுமையைத் தாங்கும் திராணி இல்லை. வேகம் விழும், கோடு விட்டுவிட்டு வரும். இன்று அவர் வாங்குவது இரும்பு உள்ளகம் இல்லாத வெளிநாட்டு மோட்டார்கள். டேப்ரெக்கார்டர் கதை அவருக்குத் தம் அறியாமையின் கதை. நமக்கு அதுவே அவருடைய மேதைமையின் கதையாக இருக்கிறது. ஒருவர் தாண்டி வந்த இடத்திலேயே அவரை நிறுத்தி வைத்துப் பாராட்டுவது விசித்திரமான மரியாதை.

மொழியியல் மாணவியாக என் முதன்மையான சான்று வேறு. உஸ்தாதின் பேச்சிலேயே ஜுகாட் என்ற சொல் இருக்கிறது. எங்கே வருகிறது என்று பதிவுகளைத் தேடிப் பார்த்தேன். தளர்ந்த பேரிங்குக்குக் கீழே காகிதத்தை மடித்துச் செருகியிருந்த இயந்திரம் ஒன்று பழுதுக்கு வந்தபோது சொன்னார். திருகின் மரை தேய்ந்ததும் பசை ஊற்றி ஒட்டியவனைத் திட்டும்போது சொன்னார். தம் வேலையைப் பற்றி ஒரு முறைகூடச் சொல்லவில்லை. அதாவது, அவருடைய சொற்களஞ்சியத்தில் அது வசை. எந்தச் சொல்லால் அவர் கெட்ட வேலையைப் பிரித்துக் காட்டுகிறாரோ, அதே சொல்லை அவருடைய நல்ல வேலைக்குச் சூட்டிவிட்டு, உள்ளூர் அறிவை மதிக்கிறோம் என்று நாம் மார்தட்டுகிறோம். களப்பணியின் அரிச்சுவடியை அறிந்த எவருக்கும் இது வெட்கம் தர வேண்டும்.

அவருடைய மற்றச் சொற்களோ பெரும்பாலும் அளவைச் சொற்கள். லேத் அவருக்குக் கராத். மரை, சூடி, வளையல் என்ற அதே சொல். பாகங்களுக்கு இடையிலுள்ள தளர்வு, சால். நடை என்று பொருள்படும் சொல். அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு, சூத். இதைக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சூத் என்றால் நூல். நம் தச்சர்களும் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கை நூல் என்றே சொல்கிறார்கள். இரண்டாயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் இருவேறு மொழிக்குடும்பங்கள், ஒரே அளவுக்கு ஒரே உருவகம். (இதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்; இப்போது வேண்டாம், சண்டை பாதியில் நிற்கிறது.) சூத் முரட்டு வேலைக்கு மட்டுமே. காமுக்கு வந்தால் மயிரிழைக் கணக்கு, அதற்கும் கீழே வெர்னியர் காலிபர். இப்படிப்பட்ட சொல்லமைப்பு உள்ள தொழிலை, கிடைத்ததை வைத்து ஒப்பேற்றுவது என்று எப்படி வகைப்படுத்தினோம்?

வகைப்படுத்தலுக்கு வரலாற்றுத் துணையும் இல்லை. 1876இல் எடிசன் ஒரு மின்பேனாவுக்குக் காப்புரிமை பெற்றார். தலையில் சிறு மோட்டாரும் முனையில் ஊசியும் கொண்ட அது, நகலெடுப்பதற்காகத் தாளில் துளையிடும் அலுவலகக் கருவி. 1891இல் நியூயார்க்கின் பச்சை குத்துநர் சாமுவேல் ஓ'ரைலி அந்தக் கருவியின் அமைப்பைத் தழுவி, மனிதத் தோலுக்கான இயந்திரத்தை உருவாக்கிக் காப்புரிமை பெற்றார். அலுவலகப் பேனாவை மாற்றித் தோலில் குத்தினார்! தில்லியில் ஒருவர் இதைச் செய்திருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்? ஓ'ரைலியை எந்த நூலும் அப்படிச் சொல்லவில்லை. அவர் கண்டுபிடிப்பாளர். இன்றும் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ தனி ஒருவர் தம் பட்டறையில் செய்யும் சுழல் இயந்திரம் 'கைவினைப் படைப்பு' என்ற அடைமொழியோடு விலையேறி விற்கிறது. அதே காம், அதே பேரிங். கை மட்டும் வேறு.

இங்கே சிலர் லெவி ஸ்ட்ராஸை அழைத்து வருவார்கள், கருத்தரங்கிலும் வந்தார். 1962இல் வெளிவந்த நூலில் அவர் கைக்குக் கிடைத்ததைக்கொண்டு கட்டுபவரையும் பொறியாளரையும் எதிரெதிரே நிறுத்தினார். அது சிந்தனை முறைகளை விளக்க வந்த ஒப்புமை. நாம் அதை ஆள்களை வகைப்படுத்தும் அலுவலகப் படிவமாக்கிவிட்டோம். பட்டம் பெற்றவர் பொறியாளர், பெறாதவர் மற்றவர். பிறகு 2012இல் 'ஜுகாட் இன்னொவேஷன்' நூல் வந்தது. நிறுவன மேலாளர்களுக்கு வறியவர்களின் சிக்கனப் புத்தியைக் கற்பிக்கும் நூல். வட இந்தியக் கிராமங்களில் நீர் இறைக்கும் டீசல் எஞ்சினைப் பூட்டி ஓட்டிய வண்டியின் பெயர் மேலாண்மைக் கோட்பாடாயிற்று. அந்த வண்டிக்கு நல்ல பிரேக் வேண்டும் என்று கேட்டவர் குறைவு.

உஸ்தாத் என்ற சொல்லையே பாருங்கள். இசையில் அச்சொல் வந்தால் எழுந்து நிற்கிறோம். மோட்டார் பட்டறையில் வந்தால் புன்னகைக்கிறோம்.

எதிர்முகாமும் எனக்கு உவப்பானதன்று. கையூசியால் குத்தினால் பண்பாடு, மோட்டார் வந்தால் சீரழிவு என்பது அவர்கள் கட்சி. மத்தியப் பிரதேசத்துப் பைகா பெண்களின் கோத்னாவைப் பற்றி உருகி எழுதுபவர்கள், அதைக் குத்துபவர்கள் வேறொரு சமூகத்துப் பெண்கள் என்பதையும், அது அவர்களுக்குக் கூலி வேலை என்பதையும் ஓர் அடிக்குறிப்பில் கடந்துவிடுகிறார்கள். நம் ஊரில் பச்சை குத்திய குறவர் சமூகத்தைத்தான் 1911இல் சென்னை மாகாணத்துக்கு நீட்டிக்கப்பட்ட குற்றப் பழங்குடியினர் சட்டம் பிறவிக் குற்றவாளிகள் பட்டியலில் சேர்த்தது. அன்று அந்தக் கைக்குக் கைவினை என்ற பட்டத்தை எவரும் கொடுக்கவில்லை. தொழில் அருகி, ஊசி அருங்காட்சியகத்துக்குப் போன பிறகுதான் கொடுத்தார்கள். உயிரோடிருக்கும் கை, அதுவும் மோட்டாரைப் பிடித்திருக்கும் கை, இவர்களுக்கும் உதவாது.

வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு; அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். சந்தையில் விற்கும் மலிவான இயந்திரங்களும், திருவிழாத் திடல்களில் ஒரே ஊசியை அடுத்தடுத்த கைகளில் குத்துவதும் ஆபத்தானவை. ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. ஆகியவை பரவக்கூடிய வழி அது. "இவற்றையெல்லாம் கைவினை என்று புனிதப்படுத்துகிறாயா?" என்று மருத்துவப் புலத்திலிருந்து வந்த ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அது என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது. ஒப்பேற்றலுக்குத் தரம் கிடையாது; ஒப்பேற்றியதே சாதனை என்று மன்னிப்பு முன்கூட்டியே கொடுக்கப்பட்டுவிடுகிறது. கைத்தொழில் என்று ஏற்றுக்கொண்டால், பிடியை 121 பாகையில் நீராவியில் வேகவைத்தால் தாங்குமா, ஒருமுறை பயன்படுத்தும் ஊசிக்குழாயின் சவ்வு மையையும் இரத்தத்தையும் மோட்டார் பக்கம் விடாமல் தடுக்கிறதா, மூலையிடுக்குகளைத் துடைக்க முடியுமா என்று கேட்கும் உரிமை நமக்கு வருகிறது. உஸ்தாத் உடலின் உள்விளிம்புகளை எல்லாம் உருட்டிவிடுகிறார். கூரான மூலையில் அழுக்கு தங்கும் என்பது அவர் காரணம். இதை அவருக்கு எந்தப் பயிலரங்கும் சொல்லித் தரவில்லை.

சொல்லில் என்ன இருக்கிறது என்பவர்களுக்கு: 2023 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களை ஏற்றுக்கொண்டிருக்கிறது. படகு கட்டுபவர், பூட்டு செய்பவர், மாலை தொடுப்பவர், சுத்தியலும் கருவித் தொகுதியும் செய்பவர் எல்லாம் அதில் உண்டு. பச்சை குத்துபவர் இல்லை. அவருக்குக் கருவி செய்பவரும் பெயர் சொல்லி இல்லை. பட்டியல்களை எழுதுபவர்கள் நம் அறிக்கைகளையும் படிக்கிறார்கள். ஜுகாட் என்ற தலைப்பில் கடன் கொடுக்கும் வங்கியை நான் அறியேன்.

கோபத்தோடு ஓர் இடைச்செருகல். உஸ்தாத் அலுமினியத் துண்டுகளை வாங்கும் மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தை நினைவிருக்கிறதா? 2010இல் அங்கே கோபால்ட்-60 கதிர்வீச்சால் ஒருவர் இறந்தார், வேறு பலர் பாதிக்கப்பட்டனர். அந்தக் கருவி ஒரு பல்கலைக்கழக வேதியியல் துறை ஏலத்தில் விற்றது. பாதுகாப்பு உணர்வற்ற ஒப்பேற்றல் எந்தப் பக்கத்துக்கு உரியது என்று பேசும்போது இதையும் சேர்த்துப் பேசலாம்.

பழைய சுருக்கத்தைத் திரும்பப் பெற்றுவிட்டேன். இயலின் தலைப்பிலிருந்தும் அச்சொல் நீங்கிவிட்டது; உஸ்தாதின் மேற்கோள்களில் மட்டும், அவர் பயன்படுத்திய பொருளில், இருக்கும். தலைவர் அவர்களுக்குத் தனியே மடல் எழுதியிருக்கிறேன். வரும் சனிக்கிழமை பட்டறைக்குப் போகிறேன். ஒரு காமை நானே கடைந்து பார்க்க அனுமதி கிடைத்திருக்கிறது. முதல் மூன்றும் இரும்புப் பெட்டிக்குத்தான் போகும் என்றும், பித்தளைக்கான காசைக் கையோடு கொண்டுவரும்படியும் உஸ்தாத் சொல்லியிருக்கிறார்.