மார்கழி இருட்டில் ஓடலாமா?



ஆவணி மாதம் காலையில் ஓடிப் பழக மைதானத்துக்கு வந்த பெண்கள் பதினொரு பேர். ஐப்பசி மழையில் ஏழு பேர் ஆனோம். கார்த்திகையில் மூன்று பேர். இப்போது மார்கழி. மைதானத்துக்கு ஒருத்தியும் வருவதில்லை. பையன்கள் மட்டும் அன்றைக்கு வந்த அதே ஒன்பது பேர் இன்றைக்கும் வருகிறார்கள். "குளிர் வந்தா பொண்ணுங்க போர்வையை விட்டு எழுந்திருக்க மாட்டாங்க" என்று கேலியும் பேசுகிறார்கள். அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களை நிறுத்தியது குளிர் இல்லை, இருட்டு. இதுதான் என் கருத்து.

குளிரை ஜெயிக்கலாம். முதல் பத்து நிமிடம் வேகமாக நடந்து, கை காலை உதறி, அப்புறம் மெதுவாக ஓட ஆரம்பித்தால் உடம்பு தானாகச் சூடாகிவிடும். கொஞ்ச நேரத்தில் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். "பனியில ஓடினா சளி பிடிக்கும்" என்று எங்கள் பாட்டி சொல்வார். சளி வைரஸ் கிருமியால் வருகிறது, பனியால் இல்லை என்று நாம் படித்திருக்கிறோம். ஆனால் வீசிங் இருப்பவர்களுக்குக் குளிர்காற்று ஒத்துக்கொள்ளாது. அவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஓடக் கூடாது.

இருட்டு அப்படி இல்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது ஆறு மணிக்கு முன்பே சூரியன் வந்துவிட்டது. இப்போது ஏறக்குறைய ஆறரை ஆகிறது. டிசம்பர் 22 ஒட்டித்தான் பகல் மிகக் குறைவு, அதற்குப் பிறகு சீக்கிரம் விடியும் என்று நினைத்திருந்தேன். அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். நம் பக்கத்தில் ஜனவரி கடைசி வரை சூரியன் தாமதமாகத்தான் எழும், பகல் நீளுவது முதலில் சாயங்காலத்தில்தான் தெரியும் என்றார். ஆகவே தை பிறந்தால் விடிந்துவிடும் என்று காத்திருப்பதில் பயன் இல்லை. நம் விளையாட்டு விழா பிப்ரவரியில் வருகிறது.

"விடிஞ்ச பிறகு வந்து ஓடுங்களேன்" என்று பையன்கள் கேட்கலாம். ஆறரைக்கு மேல் எங்களுக்குக் குழாயில் தண்ணீர் பிடிக்கணும், பாத்திரம் விளக்கணும், தம்பியைக் கிளப்பணும். இருட்டில் கிளம்பினால் பையனுக்கு "பார்த்துப் போடா" என்கிறார்கள். எங்களுக்கு "போகாதடி" என்கிறார்கள். பையன்களுக்கு இரண்டு நேரமும் உண்டு, எங்களுக்கு ஒன்றும் இல்லை. இதைச் சோம்பல் என்று சொல்வது நியாயமா?

அம்மாக்களின் பயத்தை நான் குறை சொல்லவில்லை. ஊர் முடிந்து பள்ளிக்கு வரும் பாதையில் விளக்கு இல்லை. இரண்டு பக்கமும் கருவேல மரம். நாய் உண்டு, பாம்பு உண்டு. அம்மா வாய்விட்டுச் சொல்லாத பயமும் உண்டு. போன வருடம் நானும் கார்த்திகையோடு நிறுத்திவிட்டேன். பிப்ரவரியில் 800 மீட்டர் ஓட்டத்தில், நம் மைதானத்தில் நாலு சுற்று, மூன்றாவது சுற்றிலேயே தம் போய்விட்டது. எல்லோரும் பார்க்க நடந்துதான் முடித்தேன். அன்றைக்கு அழுததை இன்னும் மறக்கவில்லை.

இந்த வருடம் மார்கழி முதல் தேதி. காலை ஐந்து மணிக்கு அம்மா எழுப்பி, "போய் வாசல்ல கோலம் போடு" என்றார். அப்போதுதான் தோன்றியது. "கோலம் போட அனுப்புற இருட்டும், ஓட விடாத இருட்டும் ஒரே இருட்டுதானேம்மா?" என்று கேட்டேன். அம்மா சிரித்துவிட்டார். கொஞ்சம் யோசித்து, "தெருவுக்குள்ளயே ஓடு. ரெண்டு பேரா ஓடுங்க" என்றார்.

யோசித்துப் பாருங்கள். இவ்வளவு இருட்டான காலையில்தான் நம் தெருவில் அதிகப் பெண்கள் வெளியே இருக்கிறார்கள். வாசலுக்கு வாசல் விளக்கு. கோயிலில் மைக் செட் பாட்டு. பால் சொசைட்டிக்குக் கேனோடு போகிறவர்கள். நானும் என் தோழியும் பிள்ளையார் கோயிலிலிருந்து பால் சொசைட்டி வரை பத்து முறை போய் வருகிறோம். கோலத்தை மிதிக்காமல் நடுத்தெருவில் ஓடணும், அவ்வளவுதான். முதல் நாள் "இதுங்களுக்கு என்ன ஆச்சு?" என்று சிரித்த அத்தை, இப்போது "என்னடி இன்னிக்கு லேட்டு?" என்று கேட்கிறார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு எல்லா நாளும் எழ மனசு வராது. ஆனால் தோழி ஜன்னலைத் தட்டிவிட்டுப் பனியில் நிற்பாள். அவளை நிற்க வைத்துவிட்டு எப்படித் தூங்குவது? தினமும் மனசு வரும் என்று நம்பக் கூடாது. மனசு வராத நாளில் எழுப்ப ஓர் ஆள் வேண்டும்.

இது பலவீனம் என்று நினைக்காதீர்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலோடு மாரத்தான் ஓடித் தங்கம் வாங்கினார். 42 கிலோமீட்டருக்கு மேல், 2 மணி 15 நிமிடம் 16 விநாடி. வெயிலுக்குப் பயந்து அந்த ஓட்டத்தைச் சாயங்காலம் வைத்தார்கள். முடிவதற்குள் இருட்டிவிட்டது. வழியில் சிப்பாய்கள் தீப்பந்தம் பிடித்து நின்றார்கள். ஓடியது பிகிலாதான். ஆனால் அவருக்கே விளக்குப் பிடிக்க ஆள் நின்றார்கள்.

ஆகவே என் வேண்டுகோள்கள்:

தோழிகளே, ஒவ்வொரு தெருவிலும் இரண்டு மூன்று பேராகச் சேருங்கள். கோலம் போட்ட கையோடு ஓடுங்கள்.

தோழர்களே, கேலியை விட்டுவிட்டு உங்கள் வீட்டில் இருக்கும் அக்கா தங்கையை மைதானத்துக்கு அழைத்துக்கொண்டு வாருங்கள்.

ஆசிரியப் பெருமக்களே, காலை ஆறு மணிக்குப் பள்ளி கேட்டைத் திறந்து, வராண்டா விளக்கைப் போடச் சொல்லுங்கள். பெற்றோர் கூட்டத்தில் எங்கள் அம்மாக்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பாதை விளக்குக்காக ஊராட்சித் தலைவரிடம் மனு எழுதினால் நாங்கள் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறோம்.

மார்கழி முடிந்ததும் வாசல் விளக்குகள் குறைந்துவிடும். இருட்டு அப்போதும் இருக்கும். அதற்குள் வழி செய்தால், பிப்ரவரியில் நாலாவது சுற்றையும் ஓடியே முடிப்போம்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி