எண்ணும் கருணையும்

மருத்துவம் இரக்கத்தின் துறை என்றும், கணிதம் உணர்ச்சியற்ற எண்களின் துறை என்றும் நம்மில் பலர் கருதுகின்றனர். நோயாளியின் துயரைப் பட்டியலில் ஓர் எண்ணாக்குவது அவரைச் சிறுமைப்படுத்துவதாகும் என்பாரும் உளர். இக்கருத்து பொருந்தாது என்பதற்கு, புள்ளியியல் அறிஞர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில்லின் வாழ்வே சான்று.

1897ஆம் ஆண்டு லண்டனில் பிறந்த ஹில், மருத்துவராக விரும்பினார். முதல் உலகப்போரில் வானோட்டியாகப் பணியாற்றியபோது காசநோய் அவரைப் பற்றியது. அந்நோயைக் குணமாக்கும் மருந்து அன்று இல்லை. நெடுங்காலம் படுக்கையில் கிடந்த அவர், மருத்துவக் கல்வியைக் கைவிட நேர்ந்தது. எனினும் மனம் தளராமல், லண்டன் பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழியில் பொருளியல் பயின்று 1922இல் பட்டம் பெற்றார். பின்னர்ப் புள்ளியியல் கற்றார். மருத்துவராக இயலாதவர், எண்களின் வழியே மருத்துவத்துள் நுழைந்தார்.

காசநோய்க்கு எதிராக ஸ்ட்ரெப்டோமைசின் அமெரிக்காவில் கண்டறியப்பட்டபோது, போரால் நலிந்திருந்த பிரிட்டனால் அதனைச் சிறிதளவே பெற முடிந்தது. அதனை யாருக்குக் கொடுப்பது? ஹில் வகுத்த முறைப்படி, 107 நோயாளிகள் சமவாய்ப்பு எண்களின் துணையோடு இரு பிரிவாக்கப்பட்டனர். யார் எப்பிரிவு என்பது மூடிய உறைகளுக்குள் இருந்தது. 55 பேர் ஓய்வோடு மருந்தும், 52 பேர் ஓய்வு மட்டும் பெற்றனர். ஊடுகதிர்ப் படங்களை மதிப்பிட்ட வல்லுநர்களுக்கும் எது எவருடையது என்பது தெரியாது. ஆறு மாதங்களில் முதற்பிரிவில் 4 பேரும், இரண்டாம் பிரிவில் 14 பேரும் இறந்தனர். இம்முடிவு 1948இல் வெளியாயிற்று.

அந்தப் பதினால்வரைப் பலியிட்டதன்றோ இந்தக் கணக்கு என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். மருந்து பெறாதோர்க்குத் தாம் ஆய்வில் ஒரு பிரிவினர் என்பதே கூறப்படவில்லை. இன்றைய மருத்துவ அறம் இதனை ஏற்காது. ஆயினும், அனைவருக்கும் போதிய மருந்து அன்று இல்லை. செல்வமோ செல்வாக்கோ தீர்மானிப்பதைவிடச் சமவாய்ப்பு தீர்மானிப்பது நடுநிலையானது. மேலும், மருத்துவரின் நம்பிக்கை மட்டுமே ஒரு மருந்துக்குச் சான்றாகாது. நாளடைவில் கிருமிகள் ஸ்ட்ரெப்டோமைசினை எதிர்க்கும் ஆற்றல் பெறுவதையும் இதே ஆய்வு காட்டியது. அதனால்தான் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை ஆராயப்பட்டது. உண்மையை அறியாத கருணை, நல்லெண்ணத்தோடே தீங்கு செய்துவிடும்.

1950இல் ரிச்சர்டு டாலுடன் இணைந்து, புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை எடுத்துரைத்தவரும் ஹில்லே ஆவார். அங்கும் அவருடைய கருவி, பொறுமையான எண்ணிக்கைதான்.

அவர் நிலைநாட்டிய முறை நம் மண்ணிலும் பயன் தந்தது. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்தாய்வு நிலையத்தில், ஏழை நோயாளிகள் சமவாய்ப்பு முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்திலும், மறுபிரிவினர் தம் வீட்டிலுமாக ஒரே மருந்துகளைப் பெற்றனர். நெருக்கடியான வீடு, குறைந்த உணவு ஆகியவற்றிற்கு இடையிலும், வீட்டில் மருந்துண்டோர் ஏறத்தாழ மற்றவர்க்கு இணையாகவே நலம்பெற்றனர். 1959இல் வெளியான இம்முடிவு, படுக்கை கிடைக்காத எண்ணற்ற ஏழைகளுக்கு நம்பிக்கை அளித்தது. காசநோயாளி குடும்பத்தைப் பிரிந்தே ஆகவேண்டும் என்ற எண்ணத்தை மாற்றியது எண்ணிக்கையே அன்றோ!

காசநோய் தன் கனவைப் பறித்தபோதும், அந்நோயை வெல்லும் வழியை அளந்து காட்டியவர் ஹில். மருத்துவம் பயில விழையும் மாணவர்கள் கணிதத்தைச் சுமையாகக் கருத வேண்டா. ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதை மறவாமல் எண்ணுவோமாயின், அதுவும் தொண்டே ஆகும்.