தனக்குத் தானே சான்றளிக்கும் அணுசக்தி: உழைப்பவர் உயிருக்குப் பொறுப்பு யார்?

திருச்சிராப்பள்ளியில் வாழும் நாம் கூடங்குளத்தையும் கல்பாக்கத்தையும் தொலைதூர ஊர்களாகவே எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் கதிர்வீச்சு நம் ஊருக்குப் புதியதன்று. தில்லைநகரிலும் திருவரங்கத்திலும் இயங்கும் எக்ஸ்ரே அறைகள், தொழிற்கூடங்களில் பற்றவைப்பின் தரத்தைச் சோதிக்கும் கதிர்ப்படக் கருவிகள், கூடங்குளத்தின் அணு உலைகள் ஆகிய அனைத்தையும் கண்காணிக்கும் கடமை ஒரே அமைப்பைச் சார்ந்தது. அதுவே மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். ஆகவே, அவ்வாரியம் யாருக்குக் கட்டுப்பட்டது என்பது நம் கேள்வியும் ஆகும்.

திருவெறும்பூரின் பெல் ஆலையால் கொதிகலன் நம் ஊருக்கு அடையாளமாயிற்று. அக்கொதிகலனின் வரலாற்றிலேயே இதற்கான பாடம் உள்ளது. 1863இல் கல்கத்தாவில் கொதிகலன் வெடித்துப் பலர் மாண்டனர். அதன் பின்னரே கொதிகலன் ஆய்வுக்கான சட்டங்கள் பிறந்தன. 1923ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் சட்டம், சான்றளிக்கும் அதிகாரத்தை உரிமையாளரிடம் விடாமல் அரசு ஆய்வாளரிடம் ஒப்படைத்தது. இலாபம் காண்பவரே பாதுகாப்புக்கும் சான்று தரலாகாது என்பதே அதன் அடிப்படை.

அணுசக்தியில் இந்த எளிய நெறி பின்பற்றப்படவில்லை. ஒழுங்குமுறை வாரியம் 1983 நவம்பர் 15 அன்று, நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டத்தால் அன்றி, அரசாணையால் அமைக்கப்பட்டது. அது அணுசக்தி ஆணையத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அவ்வாணையத்தின் தலைவரோ அணுசக்தித் துறையின் செயலாளர். உலைகளை இயக்கும் இந்திய அணுமின் கழகமும் அதே துறையின் கீழ்தான் உள்ளது. கண்காணிப்பவரும் கண்காணிக்கப்படுபவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்திருந்தனர்.

இதன் விளைவைக் கல்பாக்கம் கண்டது. 2000ஆம் ஆண்டில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் நிலையங்கள் வாரியத்தின் கண்காணிப்பிலிருந்து விலக்கப்பட்டு, அம்மையத்தின் உள்ளகக் குழுக்களிடமே ஒப்படைக்கப்பட்டன. 2003 ஜனவரியில், அம்மையத்துக்குச் சொந்தமான கல்பாக்கம் எரிபொருள் மறுபதப்படுத்தும் ஆலையில் ஒரு வால்வு பழுதானது. கசிவை உணர்த்தும் கதிர்வீச்சு அளவிகள் அவ்விடத்தில் இல்லை. ஆறு ஊழியர்கள் மிகுந்த கதிர்வீச்சுக்கு ஆளாயினர். ஊழியர் சங்கம் முழுநேரப் பாதுகாப்பு அலுவலர் உள்ளிட்ட கோரிக்கைகளை எழுதிக் கொடுத்தும் பயனில்லை. வேலைநிறுத்தம் செய்தோர் இடமாற்றத்துக்கு உள்ளாயினர். செய்தி இதழ்களை எட்டிய பிறகே நிர்வாகம் உண்மையை ஒப்புக்கொண்டது. அப்போதும் பழியின் ஒரு பகுதியை ஊழியர்கள் மீதே சுமத்தியது.

வாரியத்தின் நேரடிக் கண்காணிப்பில் இருந்தவற்றின் நிலை என்ன? 2012இல் வெளியான இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை அதைக் காட்டிற்று. நாட்டின் மருத்துவ எக்ஸ்ரே கருவிகளில் ஏறத்தாழ 91 விழுக்காடு வாரியத்திடம் பதிவே பெறாமல் இயங்கின. தேசிய அளவிலான கதிர்வீச்சுப் பாதுகாப்புக் கொள்கையையும் 1983 முதல் வாரியம் வகுக்கவில்லை. இந்தக் கண்காணிப்பின்மைக்கு விலை கொடுப்பவர் யார் என்பதை 2010இல் டெல்லி மாயாபுரி உணர்த்தியது. பல்கலைக்கழக ஆய்வகம் ஏலத்தில் விற்ற பழைய கருவியிலிருந்த கோபால்ட்-60, பழைய இரும்புக் கடையைச் சென்றடைந்தது. மாண்டவர் அங்கு உழைத்த தொழிலாளி.

இக்கதை நமக்குப் பழகியது. கையால் மலம் அள்ளும் வேலையைத் தடை செய்யும் சட்டம் 2013இல் வந்தது. பத்தாண்டுகள் கழித்து, 2023இல், நாட்டின் 766 மாவட்டங்களில் 508 மாவட்டங்கள் தம்மிடம் அவ்வழக்கம் இல்லை எனத் தாமே அறிவித்துக்கொண்டதாக ஒன்றிய அரசு கூறியது. சாக்கடை மரணங்கள் அத்துடன் நின்றுவிடவில்லை. தன்னறிக்கை காகிதத்தைத் தூய்மையாக்கும். குழியிலுள்ள நச்சு வாயுவை அகற்றாது. அணு உலையானாலும் கழிவுநீர்த் தொட்டியானாலும், ஆபத்து மிக்க கடைநிலைப் பணி ஒப்பந்த முறைக்குத் தள்ளப்படும்போது எச்சமூகத்தார் அங்கு நிறுத்தப்படுவர் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பிற நாடுகள் இதை உணர்ந்து திருத்திக்கொண்டன. அமெரிக்கா 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வளர்ப்பையும் கண்காணிப்பையும் பிரித்தது. ஜப்பான் ஃபுகுஷிமா பேரழிவுக்குப் பின், 2012இல் பிரித்தது. அணுப் பாதுகாப்பு உடன்படிக்கையை 2005இல் ஏற்ற இந்தியாவுக்கும் இக்கடமை உண்டு. ஆயினும் தனி ஆணையம் அமைக்க 2011இல் கொண்டுவரப்பட்ட மசோதா, 2014இல் மக்களவையோடு காலாவதியானது.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சாந்தி சட்டம் வாரியத்துக்குச் சட்டத் தகுதி வழங்குகிறது. அதே சட்டம் அணுமின் உற்பத்தியில் தனியாருக்கும் வாயில் திறக்கிறது. சட்டத் தகுதி வரவேற்கத்தக்கதே. ஆனால் அது மட்டுமே சுதந்திரம் ஆகிவிடாது. இலாப நோக்கம் உள்ளே நுழையும் வேளையில் கண்காணிப்பு முன்னிலும் கூர்மையாக வேண்டும்.

ஆதலால் நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பதில் அணுசக்தித் துறைக்குக் கை இருத்தல் கூடாது. ஆய்வறிக்கைகள் தமிழிலும் வெளியிடப்பட வேண்டும். ஒவ்வோர் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அவர் பெற்ற கதிர்வீச்சின் கணக்கு எழுத்தில் தரப்பட வேண்டும். வேலை முடிந்து சென்ற பின்னும் மருத்துவப் பரிசோதனை தொடர வேண்டும். எச்சரிக்கும் ஊழியரைப் பழிவாங்குதல் குற்றமாக்கப்பட வேண்டும்.

திருச்சியின் மாணவத் தோழர்கள் இதனைத் தம் ஊரிலேயே தொடங்கலாம். ஒரு எக்ஸ்ரே அறையின் உதவியாளரிடம், கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. அட்டை அவருக்குத் தரப்பட்டுள்ளதா, அதன் முடிவு என்றேனும் அவரிடம் காட்டப்பட்டதா என்று கேட்டுப் பாருங்கள். அவர் தரும் விடையே, கூடங்குளத்திற்குள் நாம் காண முடியாதவற்றின் அளவுகோல்.