விலை சரியும்போது யார் மீது பழி?

2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாய் வரை ஏலம் போன ஏலக்காய், மூன்றே ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. உரத்துக்கும் மருந்துக்கும் கடன் வாங்கியவர், நல்ல விலையை நம்பிக் குத்தகைக்குத் தோட்டம் எடுத்தவர், தமிழ்நாட்டுக் கம்பத்திலிருந்து ஜீப்பில் மலையேறி வந்து காய் எடுக்கும் பெண்கள் என்று, கேரளத்து இடுக்கி மலையிலுள்ள வண்டன்மேட்டில் எல்லோர் வீட்டிலும் அந்த அடி விழுந்தது. அடி விழுந்ததும் ‘இது யாரால்?’ என்ற கேள்வி எழுவது இயல்பு. அதற்கு யார் முந்திக்கொண்டு பதில் சொல்கிறார், அதை நாம் எவ்வளவு சீக்கிரம் நம்பிவிடுகிறோம் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

இந்த ஆபத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஜெர்மனியின் வடகோடியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் என்றொரு மாநிலம். பன்றியும் மாடும் வளர்த்த விவசாயிகளின் பூமி. 1920-களின் கடைசியில் விலை சரிந்தது, கடன் ஏறியது, பண்ணைகள் ஏலத்துக்கு வந்தன. 1928 தேர்தலில் நாட்டிலேயே மூன்று சதவீத வாக்குகூடப் பெறாத ஹிட்லரின் நாஜிக் கட்சி, 1932 ஜூலையில் அந்த மாநிலத்தில் பாதிக்கு மேல் வாக்கு வாங்கியது. அங்கே வாக்களித்த எல்லோரும் கொடியவர்கள் என்று நான் நினைக்கவில்லை. நம்மைப் போலப் பயிரையும் கால்நடையையும் நம்பிப் பிழைத்தவர்கள். அவர்களுடைய துயரம் உண்மையானது. அந்தத் துயரத்துக்குக் காட்டப்பட்ட காரணம்தான் பொய்: மக்கள்தொகையில் ஒரு சதவீதம்கூட இல்லாத யூதர்கள்.

அப்படிப் பழிபோடுவது திடீரென்று முளைத்ததல்ல. 1918 செப்டம்பர் முடிவில், முதல் உலகப் போரை இனித் தொடர முடியாது, உடனே சமாதானம் கேளுங்கள் என்று அரசை நெருக்கியவர் தளபதி லூடன்டார்ஃப். நவம்பர் 11-இல் போர்நிறுத்தத்தில் கையெழுத்துப் போடும் வேலை மட்டும் அரசியல்வாதியான எர்ட்ஸ்பெர்கர் தலையில் விழுந்தது. பிறகு அதே தளபதிகள், படை களத்தில் தோற்கவில்லை, உள்ளூர்த் துரோகிகள் முதுகில் குத்திவிட்டார்கள் என்று ஊரெல்லாம் பரப்பினார்கள். 1921-இல் எர்ட்ஸ்பெர்கர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1918 நவம்பரில் பிறந்த குடியரசு, தான் செய்யாத தோல்வியின் பழியைச் சுமந்தபடியே வாழ வேண்டியிருந்தது. 1923-இல் ஒரு டாலருக்கு லட்சம் கோடிக் கணக்கில் மார்க் கொடுக்க நேர்ந்தபோதும், 1932-இல் வேலையில்லாதவர்கள் அறுபது லட்சத்தைத் தொட்டபோதும் அந்தப் பழைய பழி புதுச் சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்தது.

ஹிட்லரைத் தடுக்க ஆள் இல்லாமல் இல்லை. 1932 நவம்பர் தேர்தலில் நாஜிகளுக்கு 196 இடங்கள். சமூக ஜனநாயகக் கட்சிக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் சேர்த்து 221. ஆனால் அந்த இரண்டு கட்சிகளும் ஒன்றையொன்று பகையாளியாகத்தான் பார்த்தன. 1933 ஜனவரி 30-இல் ஹிட்லர், பிரதமருக்கு இணையான சான்சலர் ஆனார். பிப்ரவரியில் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே குடிமக்களின் உரிமைகள் பறிக்கப்பட்டன. மார்ச் 23-இல், சட்டமியற்றும் அதிகாரத்தையே அரசிடம் ஒப்படைக்கும் மசோதா வந்தபோது கம்யூனிஸ்டுகள் உள்ளேயே விடப்படவில்லை. எதிர்த்து விழுந்த 94 வாக்குகளும் சமூக ஜனநாயகக் கட்சியுடையவை. மற்றக் கட்சிகளெல்லாம் கைதூக்கிவிட்டன.

நம் மலையில் நடந்ததை அதற்குச் சமமாக வைப்பது நியாயமாகாது. ஆனால் 2011 டிசம்பரை மறப்பதும் நியாயமில்லை. அதற்கு முந்தைய மாதம் இடுக்கியில் நிலம் அதிர்ந்தது. முல்லைப்பெரியாறு அணை உடைந்துவிடுமோ என்று அதற்குக் கீழே குடியிருப்பவர்கள் கொண்ட பயம் உண்மையான பயம். அந்த அணைத் தண்ணீரை நம்பிப் பயிர் செய்யும் தமிழ்நாட்டுத் தேனி விவசாயிக்கு, அது போய்விடுமோ என்று வந்த பயமும் உண்மையானது. இரண்டு பயங்களுக்கும் நடுவில் வதந்தி புகுந்தது. ஏலத்தோட்டங்களில் வேலை பார்த்த தமிழ்த் தொழிலாளர்கள் மிரட்டப்பட்டு, பிள்ளைகுட்டிகளோடு மலையிறங்கினார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. குமுளிச் சாலை அடைபட்டது. அணையின் நீர்மட்டத்தைத் தீர்மானிக்கிற அதிகாரம் காய் எடுக்கிற ஒரு பெண்ணுக்கோ கம்பத்தில் கடை வைத்திருக்கிற ஒருவருக்கோ இல்லை. அடி வாங்கியது அவர்கள்தான்.

இதில் என்னை அதிகம் உறுத்துவது ஒன்று உண்டு. தினமும் கம்பம்மெட்டு வழியாக ஏறிவந்து மாலையில் இறங்குகிற தொழிலாளிக்கு இந்த ஊரில் வாக்கு இல்லை. அவர்களைக் கைவிட்டால் இங்கே எந்தக் கட்சிக்கும் ஓர் ஓட்டுகூடக் குறையாது. அவர்கள் எடுக்கிற காயில்தான் ஏலக்காய் உலர்த்தும் நம் ஸ்டோர்களும் புற்றடி ஏல மையமும் ஓடுகின்றன. ஆனால் ஒரு கலவர இரவில் அவர்களுக்காகக் கேட்க ஆளில்லை. எளியவர்கள் மீது பழி எளிதாக ஏறுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அவர்களுக்காகக் கேட்கிற ஆளாக நாம்தான் இருக்க வேண்டும். இடது முன்னணியும் காங்கிரஸ் கூட்டணியும் பாரதிய ஜனதாவும் மற்ற எல்லாவற்றிலும் மோதிக்கொள்ளட்டும், மோதத்தான் வேண்டும். தொழிலாளிகளின் ஜீப்பை மறிப்பதையும் லயங்களுக்குப் போய் மிரட்டுவதையும் எந்தக் கட்சிக்காரர் செய்தாலும், அவருடைய கட்சியே முதலில் கண்டிக்கும் என்ற ஒன்றில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போக வேண்டும். தோட்ட உரிமையாளர்களும் தொழிற்சங்கங்களும் ஏல வியாபாரிகளும், கம்பம், போடி, கூடலூர் பக்கத்து வியாபாரிகளும் விவசாயிகளும் சேர்ந்து ஒரு பொதுக்குழு அமைக்கலாம். அணை பற்றி ஒரு செய்தி கிளம்பினால் இரு மாவட்ட நிர்வாகங்களிடமும் கேட்டுத் தமிழிலும் மலையாளத்திலும் அன்றைக்கே ஊருக்குச் சொல்வது அதன் முதல் வேலை. வாட்ஸ்அப்பில் வருகிற காணொளியை அனுப்புமுன் அந்தக் குழுவிடம் கேட்பது நம் ஒவ்வொருவருடைய வேலை.

கேரளத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வார்டுதோறும் கிராம சபை கூடியாக வேண்டும். அடுத்த கூட்டத்திலேயே இந்த உறுதியைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்திடலாம்; வாக்கு இல்லாத தொழிலாளிகளையும் அழைத்து உட்காரவைத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதலாம். காய் எடுப்பு மும்முரமாகுமுன் இது முடிந்துவிட வேண்டும். ஐப்பசி மழையில் அணையின் நீர்மட்டம் ஏறத் தொடங்கிவிட்டால், உட்கார்ந்து பேச நேரம் கிடைக்காது.