வீடு தேடி வரும் வெளிநாட்டு வேலை: லாபம் யாருக்கு?

கப்பல் ஏறினால்தான் டாலர் சம்பாதிக்கலாம் என்று ஒரு காலத்தில் சொல்வார்கள். இன்று கப்பல் ஏற வேண்டியதில்லை. ஒரு கம்ப்யூட்டரும் இணைய வசதியும் இருந்தால் போதும். கோவில்பட்டி வாலிபர் ஒருவர், வீட்டில் உட்கார்ந்தபடியே சிகாகோ வியாபாரிக்கு சாப்ட்வேர் எழுதிக் கொடுக்கலாம்.

இருவரும் நேரில் பார்த்துக் கொண்டதே இல்லை. நடுவில் நின்று அவர்களைச் சேர்த்து வைப்பது ஓர் இணையச் சந்தை. வேலை தேடும் நம் பிள்ளைகள் ஏராளமானோர் இந்தச் சந்தையை நம்பி இருக்கிறார்கள். ஆகவே இதன் வரவு செலவை நாம் தெரிந்து கொள்வது அவசியம்.

சந்தை பிறந்த கதை

இத்தகைய சந்தைகளில் முக்கியமானது அமெரிக்காவின் அப்வொர்க். கிரேக்க நாட்டு நண்பர்கள் இருவர் 2003-ல் ஆரம்பித்த ஓடெஸ்க் என்ற கம்பெனியும், அதற்கு முந்திய ஈலான்ஸ் என்ற கம்பெனியும் 2014-ல் ஒன்றாயின. 2015-ல் அப்வொர்க் என்று பெயர் மாறிற்று. 2018-ல் பங்கு மார்க்கெட்டுக்கும் வந்துவிட்டது. இஸ்ரேலில் 2010-ல் தோன்றிய பைவரும், ஆஸ்திரேலியாவின் ப்ரீலான்சரும் இதே தொழிலைச் செய்கின்றன.

பேரம் பேசவே காசு!

மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசும் தரகர், விலை படிந்த பிறகுதான் தரகு வாங்குவார். இங்கே அப்படி அல்ல. பேரம் பேச வருவதற்கே காசு!

அப்வொர்க்கில் ஒரு வேலைக்கு மனுப்போட 'கனெக்ட்' என்னும் வில்லைகள் வேண்டும். முன்பு மாதாமாதம் இலவசமாகக் கிடைத்து வந்த இவற்றுக்கு 2019-ல் விலை வைத்தார்கள். ஒன்று 15 சென்ட். வேலை வேறொருவருக்குப் போய்விட்டால் அந்தக் காசு திரும்பி வராது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மனுவுக்குப் பத்து வில்லை என்று வைத்துக் கொள்வோம். இருபது மனுப் போட்டால் 30 டாலர் போயிற்று. அதன் பிறகு 100 டாலர் வேலை ஒன்று கிடைக்கிறது. தரகு நூற்றுக்குப் பத்து என்றால், கையில் நிற்பது 60 டாலர்தான்.

தரகு விகிதமும் நிலையாக இல்லை. ஒரு காலத்தில் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் சம்பாதிக்கும் முதல் 500 டாலருக்கு நூற்றுக்கு 20 பிடித்தார்கள். 2023-ல் எல்லோருக்கும் 10 ஆக்கினார்கள். 2025-ல் மறுபடியும் மாற்றி, வேலைக்கு வேலை 0 முதல் 15 வரை என்றார்கள். மாற்றும்போது வேலைக்காரரை யாரும் கேட்கவில்லை.

கண்காணிப்பு

மணிக் கணக்கில் கூலி பேசினால், பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை கம்ப்யூட்டர் திரை படம் பிடிக்கப்படுகிறது. விசைகளை எத்தனை தடவை தட்டினார் என்பதும் பதிவாகிறது. செய்த வேலைக்குப் பணம் வரும் என்ற உத்தரவாதம் இதற்குக் கிடைக்கும் பிரதிபலன். அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. முன்பின் அறியாத அந்நியரிடம் ஏமாந்து நிற்பதைவிட இது மேல்தான்.

ஆனால் உண்மையான விலங்கு வேறு. நல்ல வேலைக்காரர் என்று வாங்கிய மதிப்பெண்கள் எல்லாம் அந்தச் சந்தையிலேயே தங்கிவிடுகின்றன. வேறு சந்தைக்குப் போனால் அவர் மறுபடியும் புது ஆள். அங்கே அறிமுகமான வாடிக்கையாளரிடம் தனியே பணம் வாங்குவதற்கும் இரண்டு வருஷத்துக்குத் தடை உண்டு. தடை நீங்க வேண்டுமானால் தனிக் கட்டணம். சம்பாதித்த பணம் வீட்டுக்கு வருகிறது. சம்பாதித்த பெயர் வருவதில்லை!

போதாக்குறைக்கு, 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. சில்லறை வேலைகளை முதலாளிகள் இயந்திரத்திடமே கேட்டு முடித்துக் கொள்ள வழி பிறந்திருக்கிறது. ஆரம்ப வேலைகளை வைத்துப் பெயர் வாங்க நினைக்கும் புதியவருக்கு ஏணியின் முதல் படியே ஆட்டம் காண்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

'தளத் தொழிலாளி' என்ற சொல்லுக்கே நம் நாட்டுச் சட்டத்தில் இடம் கொடுத்தது 2020-ம் வருஷத்து சமூகப் பாதுகாப்புச் சட்டம். அது அமலுக்கு வந்தது 2025 நவம்பரில். இப்படிப்பட்ட கம்பெனிகள் தங்கள் வருஷ வரவில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை தொழிலாளர் நலனுக்குத் தர வேண்டும் என்கிறது அது. உணவு கொண்டுவரும் பையனுக்கும் டாக்சி டிரைவருக்கும் இது நல்ல செய்தி. ஆனால் கடலுக்கு அப்பால் இருக்கும் சந்தைக்காரரைச் சட்டத்தின் கை எட்டுமா? சர்க்கார்தான் தெளிவுபடுத்த வேண்டும்.

அதுவரை வாலிபர்கள் செய்ய வேண்டியது என்ன? கண்ட வேலைக்கெல்லாம் மனுப்போட்டுக் காசைக் கரைக்க வேண்டாம். ஏதாவது ஒரு வித்தையில் கைதேர்ந்தவர் ஆகுங்கள். வேலை கொடுப்பவர் முன்பு ஒழுங்காகப் பணம் கொடுத்தவரா என்று பாருங்கள். முன்பணம் கட்டச் சொன்னால் அது மோசடி. செய்த வேலைகளை, முதலாளியின் சம்மதத்தோடு, உங்கள் சொந்தப் பெயரிலும் காட்டி வையுங்கள்.

சந்தைக்குப் போகலாம், தவறில்லை. சந்தையிலேயே குடியிருக்கக் கூடாது!