வடிகட்டியை விற்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்



"அண்ணாச்சி, போன வாரம் நீங்க கொடுத்த டீத்தூள் சரியில்லை. டிகாஷன் மசி மாதிரி கறுத்துப் போகுது."

மளிகைக் கடை வைத்திருக்கும் நம்மில் பலரும் இந்தக் குறையைக் கேட்டிருப்போம். அரிசி வடித்தால் மஞ்சளடிக்கிறது என்பார்கள். சோப்புப் போட்ட வெள்ளை வேட்டி பழுப்பாகிவிட்டது என்பார்கள். நாமும் வாடிக்கையாளர் மனம் கோணக் கூடாதே என்று வேறு சரக்கை மாற்றிக் கொடுப்போம். மறுவாரமும் அதே குறை வரும். ஏனென்றால் குற்றம் சரக்கில் இல்லை, அவர் வீட்டுக் கிணற்றில் இருக்கிறது. இரும்பு கலந்த தண்ணீர் தேயிலையின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்தால் கறுக்கத்தான் செய்யும்.

இப்போது நம்மில் பலர் மளிகையோடு வாட்டர் ஃபில்டரும் விற்கிறோம். சிலர் ஆர்.ஓ. இயந்திரத்துக்கு ஏஜென்சியே எடுத்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் எந்தத் தண்ணீருக்கு எந்த வடிகட்டி என்று தெரியாமலே விற்கிறோம். அது தவறு என்பதை நான் நஷ்டப்பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

என் தவறு

சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் என் கடை. பக்கத்துத் தெருவில் இட்லிக் கடை நடத்தும் ஓர் அம்மா இருபது வருட வாடிக்கை. அரிசி, உளுந்து, எண்ணெய் எல்லாம் மாதக் கணக்கில் என்னிடம்தான். அவர் வீட்டு போர்வெல் தண்ணீரில் அழுகிய முட்டை நாற்றம். பிடித்து வைத்தால் மறுநாள் பாத்திரத்தின் அடியில் செம்மண் போல் படிவு. "என்ன செய்யலாம் அண்ணாச்சி?" என்று கேட்டார். கடையில் இருந்த ஆர்.ஓ. இயந்திரத்தைக் காட்டி, "இதைப் போடுங்கம்மா, எல்லாம் போய்விடும்" என்றேன். தண்ணீரைப் பார்க்கவில்லை, பரிசோதனை அறிக்கையும் கேட்கவில்லை.

சீட்டுப் பணத்தை எடுத்து அவர் வாங்கினார். மூன்று வாரம் நன்றாக ஓடியது. பிறகு தண்ணீர் நூலாகச் சொட்டியது. நாற்றமும் திரும்பி வந்தது. சர்வீஸ் ஆள் கழற்றிப் பார்த்துவிட்டு, சவ்வு முழுவதும் இரும்பு அப்பிவிட்டது என்றும், இதற்கு உத்தரவாதம் கிடையாது என்றும் சொல்லிப் போய்விட்டார். அந்த அம்மா என்னிடம் சண்டை போடவில்லை. மறுமாதத்திலிருந்து சரக்கு வாங்க வேறு கடைக்குப் போய்விட்டார். இயந்திரத்தில் எனக்குக் கிடைத்த கமிஷனைவிட நான் இழந்தது எவ்வளவு பெரியது என்பதை வணிகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இரும்பும் நாற்றமும் எப்படி வருகின்றன?

நிலத்தடியில் காற்றுப் படாத இடத்தில் இரும்பு தண்ணீரில் முழுவதும் கரைந்து நிற்கிறது. அப்போது அதற்கு நிறம் கிடையாது. சர்க்கரை கரைந்த தண்ணீரைத் துணியில் வடிகட்டினால் சர்க்கரை நிற்குமா? அதுபோலக் கரைந்த இரும்பு கேண்டில் ஃபில்டரிலும் மணலிலும் நிற்காது. மேலே வந்து காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டபிறகுதான் அது துருவாகத் திரண்டு செந்நிறப் படிவாகிறது. திரண்ட பிறகு சாதாரண மணலே அதைப் பிடித்துவிடும். இந்த வரிசையில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. முதலில் காற்று, அடுத்து தெளிதல், அதன் பின்பே வடிகட்டி.

அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயுவினால் வருவது. காற்றில்லாத ஆழத்தில் ஒருவகை நுண்ணுயிர்கள் தண்ணீரிலுள்ள சல்ஃபேட்டிலிருந்து இதை உண்டாக்குகின்றன. ஆர்.ஓ. சவ்வு உப்பைத் தடுக்குமே தவிர, கரைந்திருக்கும் இந்த வாயுவைத் தடுக்காது. இயந்திரத்தின் கடைசியில் இருக்கும் கரித் துண்டுதான் சில வாரம் நாற்றத்தை இழுத்துக்கொள்கிறது. கரி தீர்ந்ததும் நாற்றம் திரும்பிவிடும். என் கடையில் விற்ற இயந்திரத்துக்கு நேர்ந்தது இதுதான்.

இந்திய தரநிலை 10500 என்ற குடிநீர் விதியில் இரும்புக்கு லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் என்று 2012இல் வரம்பு வைத்து, 2015 திருத்தத்தில் அதை 1 மில்லிகிராம் ஆக்கினார்கள். ஆனால் 0.3ஐத் தாண்டினாலே துணியிலும் பீங்கானிலும் கறை விழத் தொடங்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு வரம்பு 0.05 மில்லிகிராம்தான். அவ்வளவு சொற்ப அளவையே மூக்கு கண்டுபிடித்துவிடும்.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

வாடிக்கையாளர் ஃபில்டர் கேட்டு வந்தால், நாம் முதலில் கேட்க வேண்டியது தண்ணீர் பிடித்தவுடன் எப்படி இருக்கிறது என்பதை. பிடிக்கும்போது தெளிவாக இருந்து, ஒரு மணி நேரத்திலோ மறுநாளோ மஞ்சளித்தால் அது கரைந்த இரும்பு. பிடிக்கும்போதே சிவப்பாக வந்தால் இரும்பு ஏற்கெனவே திரண்டிருக்கிறது, அல்லது பழைய குழாய் துருப்பிடித்திருக்கிறது. தொட்டிச் சுவரில் செந்நிறக் கூழ் போல வழவழவென்று ஒட்டினால் இரும்பைத் தின்று வளரும் நுண்ணுயிர் இருக்கிறது. அதற்குக் கிணற்றிலும் தொட்டியிலும் குளோரின் போட்டுக் கழுவாமல் எந்த ஃபில்டர் வைத்தாலும் வீண்.

சந்தேகம் இருந்தால் நாட்டு மருந்து அலமாரியில் இருக்கும் கடுக்காயைப் பயன்படுத்துங்கள். ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை கடுக்காய்ப் பொடி போட்டால், இரும்பு மிகுந்த தண்ணீர் நீலக் கறுப்பாக மாறும். அந்தக் காலத்தில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து எழுதும் மை காய்ச்சியது இந்தக் குணத்தை வைத்துத்தான். இது அடையாளம் காட்டுமே தவிர அளவு சொல்லாது. அளவுக்குப் பரிசோதனைக் கூடம்தான் போக வேண்டும். மாவட்டங்களில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன.

அடுத்துக் கேட்க வேண்டியது என்ன நாற்றம் என்பதை. முட்டை நாற்றம் வெந்நீரில் மட்டும் வந்தால் கிணற்றைக் குறை சொல்ல வேண்டாம்; கீசருக்குள் இருக்கும் மெக்னீசியக் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். சாக்கடை நாற்றம் என்றால் ஃபில்டர் விற்காதீர்கள். செப்டிக் டேங்க் கசிவு கிணற்றில் கலந்திருக்கலாம். அதைக் குடிக்க வேண்டாம் என்று சொல்லி, கசிவை அடைக்கச் சொல்லுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல் வாடை வந்தால் நமது கடையில் அதற்கு மருந்தே கிடையாது.

மலிவான வழி

சாதாரண இரும்புக்கும் முட்டை நாற்றத்துக்கும் வீட்டிலேயே செய்யக்கூடிய வழி உண்டு. மோட்டார் தண்ணீரைத் துளையிட்ட தட்டின் மேல் பூமழையாகத் தொட்டியில் விழச் செய்ய வேண்டும். வாயுவில் பெரும்பகுதி அங்கேயே பறந்துவிடும். இரும்பும் திரளத் தொடங்கும். சில மணி நேரம், முடிந்தால் இரவு முழுவதும் தெளியவிட்டு, ஒன்றரை, இரண்டடி ஆழமுள்ள கழுவிய மணலில் வடிக்க வேண்டும். மிச்ச வாடைக்குக் கடைசியில் கரி. கரியை முன்னால் வைத்தால் இரும்பு அதை மூடிவிடும்.

தேற்றாங்கொட்டையும் படிகாரமும் கலங்கலைத் திரட்டி அடியில் படியவைக்கும் அருமையான பொருள்கள். ஆனால் காற்றுப் படாமல் கரைந்திருக்கும் இரும்பை அவை ஒன்றும் செய்யா. தண்ணீர் புளிப்புத் தன்மை கொண்டதாக இருந்தால் இரும்பு திரள்வது மிக மெதுவாக நடக்கும். அங்கே சுண்ணாம்புக்கல் படுகை ஒன்றைச் சேர்க்க வேண்டும். இரும்பு அதிகமாகவும் தண்ணீர்த் தேவை பெரிதாகவும் இருந்தால், மாங்கனீசு டையாக்சைடு மணல் நிரப்பிய அழுத்த வடிகட்டி ஏற்றது. ஆனால் அதை முறையாக எதிர்ப்பக்கம் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கழுவாத வடிகட்டி சீக்கிரமே அடைபடும். விற்கும்போது இதைச் சொல்லாதவர் பாதி சரக்கைத்தான் கொடுத்திருக்கிறார்.

இவை எதுவும் கிருமியைக் கொல்லும் என்று நம்பிவிடக் கூடாது. குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும் அல்லது குளோரின் போட வேண்டும். கிணற்றுக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது வழக்கமான அளவு. 2 மீட்டர் விட்டமுள்ள கிணற்றில் 3 மீட்டர் தண்ணீர் நின்றால் சுமார் 9,400 லிட்டர். அதற்கு 24 கிராம் ஆகும். இரும்புள்ள கிணற்றில் குளோரினில் ஒரு பகுதியை இரும்பே எடுத்துக்கொள்ளும். ஆகையால் ஒரு மணி நேரம் கழித்து இலேசான குளோரின் வாடை இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மேலும் போட வேண்டும். தண்ணீர் அப்போது சிவந்தால் பயப்பட வேண்டாம். திரண்ட இரும்பு படிந்துவிடும்.

இங்கே நம் பக்கம் ஒரு குறையை ஒப்புக்கொள்ள வேண்டும். புதிய பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்கு வரை குளோரின் இருக்கும். வாய் திறந்த மூட்டையில் மாதக் கணக்கில் கிடந்தால் வெயிலிலும் ஈரத்திலும் அது வெறும் சுண்ணாம்பாகிவிடும். நாள்பட்ட அந்தச் சரக்கைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பது எடையில் ஏமாற்றுவதைவிடப் பெரிய பாவம். பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை ஆசிட்டையும் சேர்க்கக் கூடாது, விஷவாயு வரும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். துணியில் விழுந்த இரும்புக் கறைக்குப் பிளீச் போட்டால் கறை இன்னும் ஊன்றிவிடும். அதற்கு எலுமிச்சையோ எலுமிச்சை உப்போதான் மருந்து.

ஆர்.ஓ. கெட்டதா?

இல்லை. உப்பு மிகுந்த தண்ணீருக்கும், புளோரைடு உள்ள தண்ணீருக்கும் அது தேவை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மக்கள் புளோரைடினால் பட்ட பாட்டுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அங்கே மணலும் கரியும் உதவாது. ஆனால் உப்பு குறைந்த தண்ணீருக்கு ஆர்.ஓ. போடுவது வீண் செலவு. ஒரு குடம் நல்ல தண்ணீருக்காக அதைவிடக் கூடுதலான தண்ணீரைச் சாக்கடையில் விடுகிறோம். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே உப்பு கரைந்த தண்ணீருக்கு ஆர்.ஓ.வைத் தடை செய்யும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் அரசுக்கு உத்தரவிட்டது இதனால்தான். இரும்புள்ள வீட்டில் ஆர்.ஓ. வைத்தே ஆக வேண்டுமென்றால், அதற்கு முன்னால் இரும்பை எடுத்துவிட வேண்டும்.

"நாம் வியாபாரிகள், விஞ்ஞானிகளா?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். பருப்பைக் கையில் அள்ளினாலே எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்லும் நமக்கு ஒரு தம்ளர் தண்ணீரைப் பார்த்துச் சொல்வது கடினமல்ல. "மணலும் கரியும் என்று சொன்னால் விற்பனை போய்விடுமே" என்பது இன்னொரு கேள்வி. ஓர் இயந்திரம் விற்பது ஒரு நாள் வியாபாரம். மாதக் கணக்கு வாடிக்கை முப்பது வருட வியாபாரம்.

சட்டத்தையும் மறந்துவிட வேண்டாம். 20.7.2020 முதல் நடைமுறையில் இருக்கும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86ஆம் பிரிவைப் பாருங்கள். தயாரிப்பாளர் தராத உறுதியை விற்பவர் தானாகக் கொடுத்து, பொருள் அதன்படி அமையாமல் கேடு விளைந்தால் விற்பவரும் பொறுப்பாவார். "எல்லாம் போய்விடும்" என்று நான் வாய்தவறிச் சொன்ன சொல் அப்படிப்பட்ட உறுதிதான். அந்த அம்மா வழக்குப் போடாதது அவருடைய பெருந்தன்மை.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

ஒவ்வொரு கிளைச் சங்கமும் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைப் பெட்டி வாங்கி அலுவலகத்தில் வைக்க வேண்டும். உறுப்பினர்கள் தத்தம் தெருக் கிணறுகளின் இரும்பு, உப்பு, புளோரைடு அளவுகளை ஒரு நோட்டில் பதிந்து வைத்தால், எந்தத் தெருவுக்கு எந்த வடிகட்டி என்று ஒரு வருடத்தில் நமக்கே தெரிந்துவிடும். தண்ணீர் பார்க்காமல் ஃபில்டர் விற்பதில்லை என்று அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் போடலாம்.

அந்த அம்மா வீட்டில் பிறகு என் செலவில் துளைத்தட்டும் மணல் தொட்டியும் கட்டிக் கொடுத்தேன். இப்போது தண்ணீரில் நாற்றம் இல்லை. இட்லியும் வெள்ளையாக வருகிறது. அரிசி இன்னும் அந்த வேறு கடையிலிருந்துதான் வாங்குகிறார். ஆனால் போன மாதம் கடைக்கு வந்து, "அண்ணாச்சி, உளுந்து என்ன விலை?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதுவரைக்கும் எனக்கு நிம்மதி.