தோட்டத்துப் பள்ளியும் பெற்றோரின் கவலையும்

மூணாறு தேயிலைத் தோட்டங்களில் உள்ள தமிழ்வழித் தொடக்கப் பள்ளிகளைப் பற்றிப் பெற்றோரிடையே ஒரே கருத்து இல்லை. தாய்மொழியில் எழுத்தறியட்டும் என்பார் ஒருவர். மலையாளம் எழுதத் தெரியாமல் கேரளத்தில் அரசு வேலைக்கு எப்படிப் போவது என்பார் பக்கத்து லயத்துக்காரர். கடன்பட்டேனும் ஆங்கிலவழித் தனியார் பள்ளிக்கு அனுப்புவோரும் உண்டு.

இவர்களில் எவரையும் குறை கூறுவது எளிது, நியாயம் அன்று. ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்தாக வேண்டிய தொழிலாளிக்குப் பிள்ளையின் படிப்பு ஒன்றே சொத்து. அந்தப் பிள்ளை கொழுந்துக் கூடை சுமக்கக் கூடாது என்பதில் மூவரும் ஒருமித்தே நிற்கின்றனர்.

1956 மாநில மறுசீரமைப்பில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. அதே ஆண்டு, ஏழாவது திருத்தத்தின் வழியே 350-ஏ பிரிவு அரசமைப்பில் இடம்பெற்றது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி அளிக்கப் போதிய வசதி செய்யுமாறு அது மாநிலங்களைப் பணிக்கிறது. எனவே தமிழ்வழி வகுப்பு எவரும் காட்டும் சலுகை அன்று. தமிழ்வழி என்றால் மலையாளம் வேண்டாம் என்பதும் அதன் பொருள் அன்று. இரண்டையும், ஆங்கிலத்தையும், செம்மையாகக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இருந்தால் பெற்றோருக்கு இந்த இக்கட்டே இராது. பிள்ளைகள் குறைவென்று ஆசிரியரைக் குறைப்பதும், ஆசிரியர் இல்லையென்று பெற்றோர் பிள்ளையை மாற்றுவதுமான சுழலை அரசுதான் முதலில் அறுக்க வேண்டும்.

இக்கோரிக்கையைப் பெற்றோர்-ஆசிரியர் கழகக் கூட்டங்களில் தோழர்கள் எழுப்ப வேண்டும். கொழுந்து பறிக்கும் நேரத்தில் கூடினால் தாய்மார் ஒரு நாள் கூலியை இழந்தே வர நேரும். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுமாறு கேட்பதிலிருந்து தொடங்கலாம்.